ஐந்து அறையும் ஒரு பாலமும்

"சமைக்கிறது யாரு?"

அந்த மனிதர் இப்படிக் கேட்டபோது என் கையில் கரண்டி இருந்தது. அதிலிருந்து மொச்சைக் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. வந்தவருக்கு மோர் வேண்டுமா, காப்பி வேண்டுமா என்று கேட்க அடுப்படியை விட்டு இரண்டு எட்டு வெளியே வந்திருந்தேன்.

சித்திரை வெயில். வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக இருந்தவர் ஐந்து அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். கொசுவலையை முகர்ந்து பார்த்தார். நீலம் போட்டு அலசிய விரிப்பைத் தடவிவிட்டு, "வில்லியனூர்லகூட இப்படி ஒரு எடம் கெடைக்காதுங்க" என்று தாராளமாகவே சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி.

கடைக்காரம்மா என்னைக் காட்டினார். "இவதான். புஷ்பம். மரியபுஷ்பம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக் கயிற்றில் கிடந்த சின்னச் சிலுவையைப் பார்த்தார். "எந்தத் தெரு?" என்றார். பதிலைத் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி அது.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட" என்றேன்.

போன வாரம்வரை பாண்டிச்சேரியில் நான் மெஸ் வைத்த கதையை எழுதிவந்தேன். "உங்களுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தது யார்?" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். அப்படி யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. ஆனால் நாலு பேருக்குச் சமைத்துப்போட ஓர் இடம் கிடைத்தது புங்கம்பாக்கத்தில், அந்த ஐந்து அறை வீட்டில். அதைச் சொல்லாமல் மெஸ் கதையை மேலே ஓட்டுவது நியாயமில்லை. எனவே இந்த வாரம் ஊருக்குத் திரும்புகிறேன்.

இரண்டு தேசத்துக் கதவு

புங்கம்பாக்கம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஊரில் ஒரே பெரிய வீடு மளிகைக்கடை சபாபதியின் வீடு. அவர் மனைவி தனலட்சுமி அம்மாளைத்தான் நாங்கள் கடைக்காரம்மா என்போம். வியாபாரக் குடும்பம். கல்லாவில் சபாபதி உட்கார்ந்தாலும் கடை ஓடுவது அந்தம்மாவின் சொல்லில்தான் என்று ஊருக்கே தெரியும்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தை ஒட்டி, வரிசையாக ஐந்து அறை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கடைக்காரம்மாவின் மாமனார் கட்டியது. அப்போது எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு எல்லையும் இந்திய எல்லையும் பின்னிக் கிடந்தன. ஒரு வயல் அவர்களுடையது, அடுத்த வயல் இவர்களுடையது. அந்த அறைகளின் முன்கதவைத் திறந்தால் பிரெஞ்சு மண். பின்கதவைத் திறந்து காலை வைத்தால் இந்தியா.

கைக்கடிகாரம், பேனா, சவர பிளேடு, பிராந்தி எல்லாம் முன்கதவால் வந்து பின்கதவால் போகுமாம். சுங்கக்காரர்கள் முன்பக்கம் நின்றால் சரக்கு பின்பக்கம், பின்பக்கம் நின்றால் சரக்கு முன்பக்கம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஊர் அளப்பு என்று எனக்குத் தெரியாது. பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அறைகளைப் பூட்டினார்கள். வௌவால் குடிவந்தது. நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது, அந்தப் பக்கம் போனாலே புழுக்கை நாற்றம் அடிக்கும்.

அன்னம்மா

எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோவது. வருஷத்தில் பாதிநாள் அதில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் அது ஆறாகிவிடும். கடை, பள்ளிக்கூடம், வில்லியனூர் போகிற ரோடு எல்லாம் ஊர்ப் பக்கம். எங்கள் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போகும். கழுத்தளவு வந்துவிட்டால் அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது.

பாலம் வேண்டும் என்று எங்கள் தெரு ஆட்கள் மேரிக்கு மனு கொண்டுபோய்க்கொண்டே இருப்பார்கள். கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசுக்குப் பழைய பிரெஞ்சுப் பெயர் அது. சின்ன வயதில், பிறந்த ஊரில், நான் அதை மாதாவின் ஆபீஸ் என்றே நினைத்திருந்தேன். மாதாவே இரங்கவில்லை என்றால் வேறு யாரிடம் போவது என்று என் அம்மாவிடம் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு கார்த்திகையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்னம்மாவுக்கு வலி கண்டது. சவரிமுத்துவின் மனைவி. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். நான் கட்டிலோடு நடந்தேன். அவள் கை என் கையில் இருந்தது. பகல் பதினோரு மணி. மழை விட்டிருந்தது. வெள்ளம் வடியவில்லை.

அக்கரையில் கடைக்காரம்மா நின்றிருந்தார். யாரோ போய்ச் சொல்ல, மாட்டு வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, தன் மெத்தையை அதன்மேல் போட்டு ஓட்டிவரச் செய்திருந்தார். எங்களுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே இருபது முழம் தண்ணீர். அவ்வளவுதான். சவரிமுத்து இரண்டு தரம் கட்டிலோடு இறங்கிப் பார்த்தான். இரண்டு தரமும் வெள்ளம் கட்டிலைத் திருப்பிவிட்டது.

மத்தியானத்துக்குள் அன்னம்மா போய்விட்டாள். குழந்தையும்.

நாங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பும்போது நான் ஒருமுறை பின்னால் பார்த்தேன். கடைக்காரம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தார். மறுபடி பிடித்த தூறலில் மெத்தை நனைந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு பாயைப் போட்டு, அந்தப் பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பூட்டு திறந்தது

இரண்டு மாதம் கழித்து, பொங்கல் முடிந்ததும், அந்த ஐந்து அறைகளின் பூட்டையும் உடைத்தார்கள். சாவி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. சுத்தம் செய்யக் கூலிக்குப் போன மூன்று பெண்களில் நான் ஒருத்தி. வௌவால் புழுக்கையைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினோம். சுண்ணாம்பு அடித்தோம். அப்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசியதை நான் என் காதால் கேட்டேன்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"ஆளுங்க வந்து தங்கறதுக்கு."

"இந்த ஊருக்கு எவன் வருவான்?"

"வர்றவங்க வருவாங்க. குடுக்கற வாடகைய ஊர்க் காரியத்துக்கு வைக்கணும். மொதல்ல பாலம்."

"வூட்டுக்கு ஒண்ணும் கெடயாதா?"

"வூட்டுக்குக் கட கீது. இது ஊருக்கு."

சபாபதி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "இலவம் பஞ்சு நம்ம கடையிலியே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். பெண்டாட்டியின் எந்த யோசனையும் அவருக்கு முதலில் புரியாது. புரியாமலே கூட நிற்பார்.

மெத்தை வீட்டிலேயே தைத்தது. பாத்திரம் மதகடிப்பட்டுச் சந்தையில் வாங்கியது. தோட்டத்து மூலையில் தனியாக ஓர் அடுப்படி, செங்கல் சுவரும் கீற்றுக் கூரையுமாகப் போட்டார்கள். அந்தக் காலத்தில் சுற்று வட்டாரத்தில் வெளியூர் ஆள் வந்தால் தலை சாய்க்க இடம் கிடையாது. கரும்புக்காரர், பத்திர ஆபீஸ்காரர், கிணறு தோண்டுகிறவர் யாராயிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டும். கடைக்காரம்மா இதைக் கவனித்து வைத்திருந்தார்.

முதலில் வந்தது ஆழ்குழாய்க் கிணறு போடுகிற கோஷ்டி. ஆறு பேர். மேஸ்திரி காதர் பாய். பனைமர உயரம், அதிர்ந்து பேச மாட்டார். அவர்களுக்குச் சமைக்க ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நான் பாத்திரம் தேய்த்தேன். சேறும் கிரீசுமாக ஆறு ஆண்கள் வந்து உட்கார்ந்து சோறு சோறு என்று கேட்டதில் அந்த அம்மாள் நாலாம் நாளே நின்றுவிட்டார்.

அன்று நான் எனக்காகத் தூக்குச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தேன். வடகம் தாளித்தது. மூடியைத் திறந்ததும் காதர் பாய் துண்டால் கை துடைத்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இன்னாம்மா அது?"

"எங்க வூட்டுக் கொழம்பு பாய்."

"எங்களுக்கும் கொஞ்சம் குடேன்."

ஆறு பேரும் அந்தச் சட்டியைத் துடைத்து வைத்தார்கள். நான் பட்டினி. மறுநாள் காலையில் கடைக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். "நீயே சமைச்சிடு" என்றார். இப்படித்தான் நான் சமையல்காரி ஆனேன்.

வந்தவர்கள்

அந்த இரண்டு மூன்று வருஷத்தில் யார் யாரோ வந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிற குடும்பங்கள். கோயில் கல்வெட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற வாத்தியார்கள். தவளை பிடிக்கிற ஒரு வெள்ளைக்காரர்கூட வந்தார். பிடிக்கிறவர் என்றால் தின்பதற்கு இல்லை. ஏரிக்கரையில் குந்திக்கொண்டு, அது கத்துவதைப் பெட்டியில் பதிவு செய்வார். ஈர பூட்சோடு அறைக்குள் போவார். கடைக்காரம்மா வாசலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, பூட்சைக் காட்டி, சாக்கைக் காட்டி, அவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். மொழி தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து பூட்ஸ் சாக்கின்மேல் இருந்தது.

வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வரும் நீள ரொட்டியும், வாழைத்தண்டுப் பொரியலும், கேழ்வரகுக் களியும் எல்லோருக்கும் ஒன்றுதான். தங்கியவர்கள் யார் என்று பார்த்து விரிப்பு மாறாது. தினம் ஒரு விரிப்பு, தினம் ஒரு துண்டு. சுருக்கம் இருந்தால் கடைக்காரம்மா திரும்ப அலசச் சொல்வார். "காசு குடுத்துத் தங்கறான். ஊருக்காக் குடுக்கறான்னு கசங்குன துணியில படுக்க வைப்பியா?" என்பார்.

வாடகை சேர்ந்தது. முதலில் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்ற வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் கோவிந்தசாமி சொல்ல, அது நடந்தது. அப்புறம் வாய்க்காலில் பாலத்துக்கு இரண்டு தூண் எழும்பியது. மேரி ஆபீஸ் ஓவர்சியர் வந்து படம் போட்டுக் கொடுத்தார். மேலே தளம் போட்டால் பாலம். கம்பியும் சிமெண்டும் வேண்டும். அப்போது சிமெண்டு பர்மிட்டில்தான் கிடைக்கும். அலைந்து அலைந்து பர்மிட் வாங்கினார் சபாபதி. வைகாசி முடிவதற்குள் பணம் கட்டிச் சரக்கை எடுக்காவிட்டால் பர்மிட் செல்லாது.

கையில் இருந்த பணம் போதவில்லை. அந்த நேரத்தில்தான் மொச்சைக் குழம்பு சொட்டச் சொட்ட நான் நின்றதும், அந்த மனிதர் கேட்டதும்.

பத்து நாள்

அவர் ஒரு பஜனைக் கூட்டத்தின் தலைவர். சேலம் பக்கம். வில்லியனூர்த் தேர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். பத்து நாளைக்கு ஐந்து அறையும் மொத்தமாக வேண்டும். வாடகையை முன்னாலேயே தந்துவிடுவதாகச் சொன்னார். மஞ்சள் பையில் கொண்டே வந்திருந்தார். பிடித்துவிட்டால் வருஷா வருஷம் வருவோம் என்றார்.

"விரதத்துல இருப்போம். அதனாலதான் கேட்டேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"இதுல இன்னா தப்பு. உங்க சமையக்காரர இட்டுனு வாங்க. தனி அடுப்பு போட்டுத் தரோம். முன்னாடியும் அப்பிடி வந்து தங்கியிருக்காங்க" என்றார் கடைக்காரம்மா.

"அது சரிங்க. இந்தம்மா அந்தப் பத்து நாளும் இங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. அடுப்படிய சாணி போட்டு மெழுகிடணும். கெணத்தடிக்கும் வரக் கூடாது. அவ்வளவுதான்."

மரியாதையாகத்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கடைக்காரம்மா அவரிடம், நாளை சாயங்காலம் ஆள் அனுப்பி முடிவு சொல்கிறேன் என்றார். பக்கத்தில் சபாபதியும் கோவிந்தசாமியும் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் சிமெண்டு மூட்டை தெரிந்தது.

நான் வீட்டுக்குப் போனேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதைவிட அந்தத் தூண்கள்தான் மனதில் நின்றன. போகிற வழியில் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பொட்டல் வாய்க்காலில் இரண்டு தூண், மேலே ஒன்றும் இல்லாமல். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த ஐப்பசியிலும் அவள் சிலேட்டைத் தலையில் வைத்துத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

காலையில் கடைக்காரம்மா கடைக்குப் பின்னால் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அவங்கள வரச் சொல்லுங்கம்மா" என்றேன். "பத்து நாளுதான. நான் எங்கியாவது கள எடுக்கப் போறன். எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, பாலம் வரும்."

முறத்தைக் கீழே வைத்தார். "நான் கடைக்காரன் பொண்டாட்டி. வியாபாரம் எனக்குத் தெரியும். இந்த வருசம் பத்து நாளுன்னு ஒரு கூட்டம் சொல்லும். வர்ற வருசம் இன்னொண்ணு இருவது நாளுன்னு சொல்லும். காசு அந்தப் பக்கந்தான் வரும். ஒரு நாளு நாங்களே உன்ன வாணாம்னு சொல்லிடுவோம். யாரும் கெட்டவங்களா ஆவாம, தானா நடந்துடும்."

"அன்னம்மாவ நெனச்சிப் பாருங்க" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அவள நெனச்சித்தான்டி இத ஆரம்பிச்சன்" என்றார். "அவ செத்த அன்னிக்கு இந்தாண்ட வண்டியோட நின்னன். அவ ஜனத்த வாசப்படி மிதிக்காதன்னு சொல்லி வாங்குன சிமிட்டியில அவளுக்குப் பாலம் கட்டச் சொல்றியா?"

நான் கீழே கிடந்த முறத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "போ, ஒல வை. கரும்புக்காரர் ரெண்டு பேரு மத்தியானம் வராங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சபாபதியே வில்லியனூருக்குப் போய், அங்கே காத்திருந்த பஜனைத் தலைவரிடம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கோவிந்தசாமி ஒரு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. வைகாசி முடிந்தது. பர்மிட் வெறும் காகிதமானது.

கரண்டியால் வந்த பேச்சு

ஊரில் முணுமுணுத்தார்கள். அதை நான் எதிர்பார்த்தேன். எங்கள் தெருவை எதிர்பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் சவரிமுத்து என் வீட்டு வாசலுக்கு வந்தான். அன்னம்மா போன பிறகு அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் பஞ்சாலை ஷிப்டு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சவரிமுத்து அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"உன் கரண்டிய பத்து நாளு கீழ வைக்க முடியல இல்ல?"

"நான் வைக்கறன்னுதான் சொன்னன் அண்ணே."

"அந்தம்மா ரோசம் அவங்க வூட்டுக்குள்ள இருக்கட்டும். தண்ணியில போறது அவங்க வூட்டுப் புள்ளையா? அவங்களுக்கு எத்தினி மழ வந்தா இன்னா?"

ஆரோக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். சவரிமுத்து சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? கடைக்காரம்மா சொன்னதும் சரி, இவன் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் நான் தினம் போய் உலை வைத்தேன். தெருவில் சில பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

புரட்டாசியில் மேகம் கட்டியது. மழை வருவதற்கு முன்னால் வந்தது காதர் பாய்.

பக்கத்து ஊரில் ஒரு கிணறு போட வந்தவர், வழக்கம்போல எங்களிடம் தங்கினார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "பாலம் ஏன் மொட்டையா நிக்குது?" நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கை கழுவிவிட்டு நேராக வாய்க்காலுக்குப் போய், தூண்களைத் தட்டிப் பார்த்தார், எட்டு வைத்து அளந்தார்.

திரும்பி வந்து கடைக்காரம்மாவிடம், "தூணு நல்லா கீது. பனமரத்த நெடுக்கப் பொளந்து போட்டா ஒரு மழைக்குத் தாங்கும். தூக்கறதுக்கு என்னாண்ட சங்கிலிக் கப்பி கீது. ஆளுதான் வேணும்" என்றார்.

ஆளுக்கு எங்கே போவது? ஊரில் பாதிப் பேர் கோபம், தெருவில் முழுப் பேரும் கோபம். கடைக்காரம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். தண்ணீர் அப்போது கணுக்கால்வரைதான். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் தெருவுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. நான் பின்னால் ஓடினேன்.

சவரிமுத்துவின் வாசலில் நின்றார். அவன் எழுந்து நின்றான்.

"உன் மேல தப்பில்ல. என் மேலதான்" என்றார். "ஆனா நான் மறுபடியும் அதத்தான் செய்வன். பனமரம் போடறாங்க. வரியா?"

சவரிமுத்து கூரையில் செருகியிருந்த கோடரியை எடுத்தான். அவ்வளவுதான்.

கோவிந்தசாமி தன் கொல்லையிலிருந்து மூன்று பனைமரம் கொடுத்தார். கோபம் தீரவில்லை, மரம் மட்டும் வந்தது. நான்கு நாள் வேலை. ஊர் ஆளும் தெரு ஆளும் ஒரே சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். கடைசி மரம் தூணில் உட்கார்ந்தபோது தூற ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டினார்கள். அந்த ஐப்பசியில் வெள்ளம் மரத்தைத் தொடாமல் ஒரு சாண் கீழே ஓடியது. என் மகள் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

தளம் போட்ட பிறகு

தை மாதம் புதுப் பர்மிட் கிடைத்தது. அறைகளில் ஆள் இல்லாத நாளே இல்லை என்னும்படி அந்தக் கோடைக்கு முன்னால் வந்தார்கள். காதர் பாய் போகிற ஊரெல்லாம் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மாசியில் தளம் போட்டோம். தளத்துக்கு முட்டுக் கொடுத்த பலகையைப் பிரித்த அன்று பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

அன்று எல்லோருக்கும் சாப்பாடு. என் சமையல். சாம்பார், மொச்சைக் குழம்பு, பூசணிக் கூட்டு, பாயசம். தோட்டத்தில் மாமர நிழலில் இலை போட்டோம். ஊரில் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் வாழைப்பழம் எடுத்துக்கொண்டு, வேலை கிடக்கிறது என்று போனார்கள். கோவிந்தசாமி வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்தார். சவரிமுத்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மூன்று தரம் சோறு வாங்கினான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத வேண்டாம் என்றுதான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அத்தனை வருஷமும் கடைக்காரம்மா என் சமையலைச் சாப்பிட்டதில்லை. ஒரு கவளம்கூட. எனக்காகப் பர்மிட்டை விட்டவர், ஊர்ப் பகையைத் தேடிக்கொண்டவர், தன் சாப்பாட்டைத் தன் வீட்டு அடுப்பில் தானே சமைத்துச் சாப்பிட்டார். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல இருந்தோம்.

அன்று கடைசிப் பந்தி நடக்கும்போது அவர் வந்து சவரிமுத்துவுக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தார். "போடு புஷ்பம்" என்றார்.

போட்டேன். பிசைந்து சாப்பிட்டார். நாலைந்து வாய் இருக்கும். முகம் வெளுத்தது. மெல்ல எழுந்து, யாரும் பார்க்காதபடி அறைகளுக்குப் பின்னால் போனார். நான் சொம்பில் தண்ணீரோடு போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. பஜனைக்காரர் சொன்னபோதுகூட இவ்வளவு வரவில்லை. "இப்பிடி இருக்கறப்ப எதுக்கும்மா வந்து உக்காந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

வாய் கொப்பளித்துத் துப்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "உன் சோத்துமேல ஒரு கொறயும் இல்லடி. சின்னப் புள்ளையிலேர்ந்து இந்த வயித்துக்கு இன்னாமோ சொல்லி வச்சிக்கீறாங்க. நான் சொல்றத இது கேக்க மாட்டுது" என்றார்.

"அப்ப வுட்டுடுங்க."

"கேக்க வைக்கிறன்" என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனார். அதே இலையில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, இலையை முடித்தார். உள்ளே தங்கியதா என்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கரும்புக்காரர்கள் சாப்பிட்டு எழுந்ததும் அவர் அடுப்படிக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சில நாள் இரண்டு வாயோடு எழுந்துவிடுவார். ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மருந்து குடிக்கிறவரைப்போலச் சாப்பிட்டார். இப்படிச் சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று.

ஆடியில் ஒரு நாள் முருங்கைக்கீரைச் சாம்பார். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை முறைத்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, உப்பு இவ்ளோ தூக்கலா கீது. எந்த ஞாபகத்துல போட்ட?"

நான் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். நிஜம்தான். கரித்தது.